மருதியக்காளின் இருபத்தேழு வளைகள்

தவிட்டுக்கொம்பையில் இருபத்தேழு பேருக்குப் பெயர் தெரியாத கொள்ளைநோய் என்று கீழே கோயம்புத்தூரில் அபாய மணி அடித்தபோது, நான் இங்கே மருதியக்காளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். அக்காளுக்குச் சாதாரணக் காய்ச்சல். கொட்டுகிற மழையில் நின்று கிழங்கு தோண்டினால் காய்ச்சல் வராமல் கல்யாணப் பத்திரிகையா வரும்?

என் பெயர் கெம்பி. இந்த ஊருக்கு நர்ஸ். முப்பத்தொரு வீடு, நூற்றுப் பன்னிரண்டு பேர், எல்லாரும் மலைச் சனம். மேட்டுப்பாளையத்தில் நாலு வருஷம் படித்துவிட்டு, அங்கேயே வேலை தருகிறேன் என்றவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மலையேறி வந்தவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் சொல்வதை இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை என்பதால் அது வருஷா வருஷம் நீண்டுகொண்டே போகிறது. எங்கள் பேச்சை அப்படியே எழுதினால் உங்களுக்குப் பாதிதான் விளங்கும். ஆகவே கொஞ்சம் தட்டி நிமிர்த்திக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்பது மாதம் முன்பு கம்பெனிக்காரர்கள் வந்து ஆளுக்கொரு நலவளை மாட்டிவிட்டுப் போனார்கள். நாட்டில் எல்லார் கையிலும் கிடப்பதுதான். மலைக்குக் கடைசியாக வந்தது. நாடித் துடிப்பு, சூடு, மூச்சு, தூக்கம், வலி என்று சகலத்தையும் அளந்து என் ஆஸ்பத்திரி அறையில் இருக்கும் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி மருந்து சொல்லும். கீழே இருக்கிற பெரிய கணினிக்கும் ஒரு நகல் போகும். ஆபத்து என்றால் பெட்டியே பறக்கும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடும். ஊர் நர்ஸ் பெருவிரல் வைத்தால் போதும், வேறு யார் உத்தரவும் வேண்டாம்.

“ஒரு வளை, ஒரு ஆளு. கழட்டக் கூடாது, மாத்தக் கூடாது” என்று தொண்டை வறளச் சொன்னேன். “ஆகட்டும் கெம்பி, ஆகட்டும்” என்றார்கள். எங்கள் ஊரில் ஒரு தடவை “ஆகட்டும்” என்றால் சரி என்று அர்த்தம். இரண்டு தடவை சொன்னால் நீ கிளம்பு என்று அர்த்தம்.

எங்களிடம் கூட்டிருப்பு என்று ஒரு முறை உண்டு. ஒருத்தருக்கு உடம்பு முடியவில்லை என்றால் வீட்டுக்கு ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். பேச வேண்டாம், வைத்தியம் சொல்ல வேண்டாம், சும்மா உட்கார்ந்தால் போதும். வேலைக்குப் போக வேண்டியவர்கள் தங்கள் உடம்பில் கிடந்த பொருள் ஒன்றை, துண்டோ பாசிமணியோ, நோயாளியிடம் விட்டுவிட்டுப் போவார்கள். “நானும் இங்கதான் இருக்கேன்” என்று அதற்குப் பொருள். இப்போது புதிதாக ஒரு வளை வந்திருக்கிறது. ராப்பகலாக உடம்பிலேயே கிடக்கிறது. இதைவிடத் தோதான பொருள் வேறு ஏது?

அன்று காப்பிப் பழம் பறிக்கும் நாள். மூன்று வீட்டுக்காரர்கள் மட்டும் மருதியக்காள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற இருபத்தேழு வீடும் வளையைக் கழற்றி அக்காளுக்கு மாட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டது. அக்காளின் சொந்த வளை அதற்கு முன்பே வேறு யார் கைக்கோ போயிருந்தது. அக்காளின் இரண்டு கையும் மணிக்கட்டிலிருந்து முழங்கை தாண்டி வளை. மிச்சம் நாலைந்து கணுக்காலில். கல்யாணப் பெண் கெட்டாள் போங்கள்.

கீழே இருந்த கணினிக்கு என்ன தெரியும், பாவம்! இருபத்தேழு பேருக்கு ஒரே நிமிஷத்தில் நூற்று மூன்று டிகிரி காய்ச்சல், ஒரே துடிப்பு, ஒரே நேரத்தில் தும்மல். உலகத்திலேயே இல்லாத நோய் என்று அலறிவிட்டது.

வானத்தில் இரைச்சல் கேட்டது. பறக்கும் ஆம்புலன்ஸ் மைதானத்தில் இறங்க, தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி போட்ட நாலு பேரும், முகமூடி போட்ட ஒரு ஆளும் ஓடி வந்தார்கள். முகமூடிக்காரர் மேடு ஏறி மூச்சு வாங்கி நின்றபோது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. அவர் வளை அளப்பதெல்லாம் வீட்டுக்காரியின் போனுக்கும் போகுமாம்.

“என்னங்க, உங்க துடிப்பு நூத்தி முப்பத்தெட்டு காட்டுது. என்ன பண்றீங்க?”

“மேடு ஏறினேம்மா. அப்புறம் பேசறேன்” என்று போனை அமுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “சிஸ்டர், நான் தனுஷ்கோடி. கம்பெனி என்ஜினியர். இருபத்தேழு நோயாளிங்களும் எங்க?”

நான் மருதியக்காளைக் காட்டினேன்.

“மத்தவங்க?”

“எல்லாரும் இவங்க கையிலதானுங்க இருக்காங்க.”

அவர் வளைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாக எண்ணினார். கணுக்கால் வரைக்கும் வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். மருதியக்காள் வெள்ளை அங்கிக்காரர்களை மேலும் கீழும் பார்த்து, “ஏன் கெம்பி, இவுங்க தேனெடுக்கப் போறவுங்களா? இந்த மாசம் அடையில ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லு” என்றாள்.

வெள்ளை அங்கிகள் சிரித்துக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏறிப் போய்விட்டன. தனுஷ்கோடி சார் சிரிக்கவில்லை. மூன்று மாவட்டத்து ஆஸ்பத்திரிகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். பெட்டியைப் பார்த்தாக வேண்டும் என்று என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாடிப்படி ஒன்றும் இல்லை, ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு பெட்டி. கதவடியில் ஊர் மூப்பன் போசன் நின்றிருந்தான். வயது முப்பத்தாறு. மூப்பன் பட்டம் வழிவழியாக வருவது, மூப்பு இனிமேல்தான் வரவேண்டும்.

“அத்தைய எதுக்குங்க தொந்தரவு பண்றீங்க?” என்றான்.

“யாரு அத்தை?”

“பெட்டிதானுங்க.”

அதற்கும் ஒரு கதை உண்டு. பெட்டி வந்த புதிதில் யாரும் அதனிடம் வாயே திறக்கவில்லை. உறவுமுறை தெரியாதவளிடம் வயிற்றுப்போக்கைப் பற்றி எப்படிப் பேசுவது? ஊர் கூடி ஒரு முழு நாள் பேசியது. அக்கா என்றால் மரியாதை கொஞ்சம் குறைவு, அம்மா என்றால் பொய் சொல்லத் தோன்றும். அத்தை என்றால் கேலியும் செய்யலாம், உண்மையும் சொல்லலாம் என்று முடிவானது. அன்றிலிருந்து அதன் அறை நிறையக் கூட்டம். செய்தி வாசிப்பவள்போலப் பேசிக்கொண்டிருந்த பெட்டியும் எட்டே மாதத்தில் எங்களைப்போல இழுத்துப் பேச ஆரம்பித்துவிட்டது.

தனுஷ்கோடி சார் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். “நோயாளிங்க பட்டியல் கொடு.”

“ஒண்ணுதானுங்க” என்றது அத்தை.

“பேரு?”

“தவிட்டுக்கொம்ப.”

“வயசு?”

“நாலு மாசத்துல இருந்து எம்பத்தொண்ணு வரைக்கும்.”

“எடை?”

“அஞ்சாயிரத்து நானூறு கிலோ. பலாப்பழ மாசத்துல கொஞ்சம் ஏறும்.”

போசன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். சாரின் பை பேசியது. “என்னங்க, நூத்தி இருபத்தஞ்சு. கோவமா இருக்கீங்களா?”

“இல்ல வத்சலா, இல்ல” என்று போனை அமுக்கினார். பிறகு என்னிடம் திரும்பி, “சிஸ்டர், உங்க ஆளுங்க வளைய மாத்தி மாத்திப் போட்டதுல இதுக்குப் புத்தி கலங்கிப்போச்சு. முழுக்க அழிச்சுட்டு முதல்லேருந்து ஏத்தணும். வளைக்கெல்லாம் பூட்டுப் போட்டுடலாம்” என்றார்.

“புத்தி கலங்கலீங்க” என்றது அத்தை. “மொதல்ல ஆளாளாப் பிரிக்கத்தான் பாத்தேன். திங்கக்கிழம போசன் கையில கெடந்த வளை செவ்வாக்கிழம கொழந்த கையில கெடந்துச்சு. புதங்கிழம ஆட்டுக் கழுத்துல. பிரிக்க முடியல. சரி, ஒரே ஒடம்புன்னு வச்சுப் பாப்பமேன்னு பாத்தேன். கணக்கு கச்சிதமா ஒக்காந்துச்சு. ஒருத்தருக்கு வலின்னா அத்தன பேர் தூக்கமும் கொறையுது. எல்லாரும் சுத்தி ஒக்காந்தா, நான் மருந்து சொல்றதுக்கு முந்தியே துடிப்பு எறங்குது. இன்னைக்குக் காலைல கீழ இருக்கிறவருகிட்டச் சொன்னேன், இது நோயில்ல, மருதின்னு. அவரு காதுல வாங்கல.”

சார் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தார். அதைச் செருகினால் அத்தை அழிந்துபோவாள் என்று எனக்குப் புரிந்தது. செருகுவதற்கு முன் கடமைக்காக ஒரு கேள்வி கேட்டார். “நோயாளிக்கு இப்ப என்ன நிலைமை?”

“பொதுவா நல்லாத்தான் இருக்குதுங்க. ஒரு கை மட்டும் துண்டாகி எட்டு மாசமா வேற ஊருல தனியா கெடக்குது. ஒட்ட வைக்கணும். அவசரம்.”

நான் மாத்திரைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

அந்தக் கை என் வீட்டுக்காரர். பெயர் பெள்ளன். இரத்த அணு அரிவாள்போல வளைந்துபோகிற நோய், பிறவியிலேயே. எங்கள் மலைகளில் சில பேருக்கு உண்டு. குளிர் பட்டாலோ தண்ணீர் குடிக்காவிட்டாலோ மூட்டுக்கு மூட்டு உயிர் போகிற வலி வரும். எட்டு மாதம் முன்பு அப்படி ஒரு வலி வந்தபோது பெட்டி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது. நான்தான் பெருவிரல் வைத்தேன். வலி அடங்கிய பிறகும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. கோயம்புத்தூர் பராமரிப்பு இல்லத்தில் எட்டாவது மாடி, ஆளுக்கு ஒரு அறை, பார்க்கப் போகிறவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். போனில் பேசினால் “நல்லா இருக்கேன்” என்பார். நல்லா இருக்கிறவர் அதைத் தவிர வேறு எதையாவது பேசமாட்டாரா? நர்ஸாக இருந்து என்ன பிரயோஜனம்? சொந்தக்காரி என்பதால் அவருடைய அளவுகளை எனக்குக் காட்டமாட்டார்கள். ஒவ்வொரு நாளும் அந்தப் பெருவிரலைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

“அத்தே” என்றேன். “அவர் எப்படி இருக்காரு?”

“கையப் பத்தி ஒடம்புகிட்டச் சொல்லலாம், தப்பில்ல” என்றது அத்தை. “அவன் வளை இன்னும் எங்கிட்டதான் பேசுது. ஒம்பது கிலோ எறங்கிட்டான். மாசத்துக்கு மூணு தடவ வலி வருது. மருந்தெல்லாம் சரியான நேரத்துக்குத்தான் குடுக்குறாங்க, அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா வலி வர்றப்ப பக்கத்துல சுவருதான் இருக்குது.”

அழுதுவிட்டேன். வெளியாள் முன்னால் அழுவது எனக்குப் பிடிக்காது. அதனால் கோபமாகவும் இருந்தது.

“சிஸ்டர்” என்றார் சார், இறங்கின குரலில். “அவரை வேணும்னு அங்க வைக்கலை. படிவத்துல ‘வீட்டில் பராமரிப்பவர்’னு ஒரு கட்டம் இருக்கும். அதுல உங்க பேரு இருக்கு. நீங்க பகல் பூரா டியூட்டியில இருக்கீங்க. வீட்டுல கவனிக்க ஆள் இல்லைன்னு கணினி முடிவு பண்ணிடுச்சு.”

“கட்டத்துல எத்தனை பேர் எழுதலாம்?”

“ஒருத்தர்தான்.”

“நூத்திப் பதினொரு பேர் இருக்கோமே சார்!”

அவர் சிவப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என் கணக்குல கட்டம் பெருசுங்க” என்றது அத்தை. “ஒட்ட வைக்கச் சொல்லி ஆணை எழுதிட்டேன். கெம்பி வெரல் வைக்கணும்.”

வைக்க வேண்டியதுதானே என்பீர்கள். வைக்கவில்லை. மனைவிக்கு விரல் பறந்தது. நர்ஸ் பிடித்து இழுத்தாள். பனி மாதம் வருகிறது. இங்கே வலி வந்து, மூடுபனியில் ஆம்புலன்ஸ் இறங்க முடியாமல் போனால்? ஒரு தடவை இந்த விரலால் பட்டது போதாதா? “போசா, ஊரைக் கூட்டு” என்றேன்.

தோட்டத்துக்கு ஆள் போய் எல்லாரும் கூடையோடு வந்து சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். எங்கள் கூட்டத்தில் கை தூக்குவது, எண்ணுவது கிடையாது. குறை சொல்ல இனி ஒருவரும் இல்லை என்று ஆகும்வரை பேச்சு போகும். பெள்ளன் வரவேண்டும் என்று முப்பது வீடு சொன்னது. மருதியக்காள் மட்டும், இருபத்தேழு வளையும் கலகலக்க, கம்பளியோடு எழுந்து நின்றாள்.

“வந்தா ஆச்சா? அவன் தண்ணி குடிக்கமாட்டான். குடிடான்னா குடிச்சிட்டேன்னு பொய் சொல்லுவான். பனியில சட்டையில்லாம திரிவான். போன தடவையும் இந்த ஊருதானே இருந்துச்சு? அப்ப யாரு பாத்தோம்? கெம்பி பாத்துக்குவான்னு நாம எல்லாம் இருந்துட்டோம்.”

உண்மை சுட்டது. வலி வந்த பிறகு கூட உட்காரத்தான் எங்களுக்குத் தெரிந்திருந்தது; வராமல் இருக்க உட்காரத் தெரிந்திருக்கவில்லை.

அப்புறம்தான் பேச்சு சூடுபிடித்தது. பெள்ளன் எந்த வீட்டு வாசலை மிதித்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர்; அவன் குடித்து முடிக்கும்வரை அந்த வீட்டார் அவனோடு பேசக் கூடாது. பேச்சில்லாமல் அவனால் அரை நிமிஷம் இருக்க முடியாது என்பதால் இது கண்டிப்பாக வேலை செய்யும் என்றான் போசன். பனி மாதத்தில் வீட்டுக்கு ஒரு வாரமாகப் பெரிய அடுப்பு உள்ள வீடுகளில் அவன் படுக்கை. வலி மருந்து என் அறையில் எப்போதும் தயாராக இருக்கும். ஆம்புலன்ஸ் இறங்க முடியாத நாளில் தூக்கிப்போக எட்டு ஆள், கீழ் ரோடு வரை. அந்த எட்டில் ஒருத்தியாக மருதியக்காளே பெயர் கொடுத்தாள்.

“இனி கொறையில்ல” என்று உட்கார்ந்தாள்.

“அத்தே, வலி வராதுன்னு சொல்லேன்” என்றேன்.

“பொய் சொல்லமாட்டேன். வரும். அங்க மூணு தடவ வர்றது இங்க கொறையும்னு தோணுது. ஆனா வரும்.”

நான் சாரைப் பார்த்தேன். அட்டை அவர் கையில் இருந்தது. “அறிக்கையில நான் என்னன்னு எழுதறது?” என்றார் யாரிடமோ.

“துண்டான உறுப்பு மறுபடி சேர்க்கப்பட்டதுன்னு எழுதுங்க” என்றது அத்தை. “அவசர ஆணை நிலுவையில இருக்கிறப்போ பெட்டிய அழிக்கக் கூடாதுங்கிறதும் உங்க விதிதானுங்க. பதினாலாவது.”

பெருவிரலை வைத்தேன். அவர் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டார். பிற்பாடு அறிக்கையில் என்ன எழுதினாரோ, எனக்கு இன்றுவரை தெரியாது. பெட்டி மட்டும் என் அறையிலேயே இருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் அதே ஆம்புலன்ஸ், அதே வெள்ளை அங்கிகள். கதவு திறந்ததும் பெள்ளன் இறங்கினார். இறங்கியது பாதி பெள்ளன்தான். சட்டை காற்றில் தனியாக ஆடியது. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “என்ன, எல்லாரும் வேலைக்குப் போகாம இங்க நிக்கிறீங்க? யாரு செத்தது?” என்றார்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை. மருதியக்காள் ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினாள்.

“ஏன் பேசமாட்டேங்கிறீங்க? கெம்பி, உனக்குமா கோவம்?”

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எட்டு மாதம் கழித்து வந்த புருஷனிடம் பேசாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்று பார்த்தால் தெரியும். அவர் முழித்தார், குடித்தார். கடைசிச் சொட்டு உள்ளே போனதும் நூற்றுப் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம்.

சிரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேலே பறந்த குளிர் மூட்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும். முகம் கோணியது. நான் உள்ளே ஓடி மருந்தை எடுத்து வந்து போட்டேன், வெந்நீர்ப் பையை வைத்துக் கட்டினேன். நான் நிமிர்வதற்குள் ஊரே அவரைச் சுற்றி மண்ணில் உட்கார்ந்திருந்தது. மருதியக்காள் தன் கையிலிருந்து வளைகளை ஒவ்வொன்றாக உருவி அவர் கையில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“போச்சுடா, மறுபடியும் மணி அடிக்கப்போகுது” என்றேன்.

“அடிக்கட்டும்” என்றார் தனுஷ்கோடி சார். ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போகிறவர் நின்றார். தன் மணிக்கட்டைப் பார்த்தார். வளையைக் கழற்றினார். குனிந்து, பெள்ளன் கையில் இடம் தேடி, சுண்டுவிரல் பக்கமாக மாட்டிவிட்டு, பேண்ட் அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் மண்ணில் உட்கார்ந்தார்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பை பேசியது.

“என்னங்க! உடம்பெல்லாம் வலின்னு காட்டுது! என்னங்க ஆச்சு உங்களுக்கு?”

“எனக்கு ஒண்ணுமில்ல வத்சலா. பக்கத்துல ஒருத்தருக்கு வலிக்குது.”

போசன் நகர்ந்து சாருக்கு இடம் விட்டான்.

“அப்படின்னா உடனே கிளம்பிடாதீங்க” என்றார் அந்த அம்மா. “அவருக்குக் கொறையற வரைக்கும் கூட உக்காந்திருந்துட்டு வாங்க.”